படிவம் அனுப்புவதும் தரவு எடுப்பதும்: காம்பொனென்ட் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலைத்திரையின் தனித்தனிப் பகுதிகளான காம்பொனென்ட்டுகளை எழுதுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இரண்டு வகையில் அடக்கிவிடலாம். பயனர் எழுதியதை சர்வருக்கு எப்படி அனுப்புவது? சர்வரில் இருப்பதைத் திரைக்கு எப்படிக் கொண்டுவருவது? எடுத்துக்காட்டுகளுக்கு ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். வியூ, ஸ்வெல்ட், ஆங்குலர் எதில் எழுதினாலும் சிக்கல்கள் இவையேதான், பெயர்கள்தான் மாறும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கவலை இருக்கிறது: ஒருவர் உட்கார்ந்து எழுதியது நம் கோளாறால் தொலையக் கூடாது.

அனுப்பு பட்டனை அழுத்தியதும் பக்கம் முழுவதும் மறுபடி ஏற்றப்படுகிறது. ஏன்?

பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஒரு படிவத்தை அனுப்பினால், அதிலுள்ள மதிப்புகளைத் திரட்டி, ஆக்ஷனில் குறிப்பிட்ட முகவரிக்குக் கொண்டுபோய், வருகிற பதிலைப் புதுப் பக்கமாகக் காட்டுவது அதன் இயல்பு. ஆக்ஷன் இல்லையென்றால் இருக்கும் பக்கத்துக்கே அனுப்பும். மெத்தட் எதுவும் சொல்லாவிட்டால் கெட் முறையில் அனுப்பும். அப்போது உள்ளிட்டதெல்லாம் முகவரிப் பட்டையில் வந்து உட்காரும், கடவுச்சொல் உட்பட.

இதைத் தடுக்க, சப்மிட் நிகழ்வைக் கையாளும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பிரிவென்ட்டிஃபால்ட்டை அழையுங்கள். முதல் வரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு அவெயிட் (ஒரு வேலை முடியக் காத்திருக்கும் கட்டளை) இருந்தால், அது முடிவதற்குள் பிரவுசர் கிளம்பிவிடும். அதற்கு முன்னால் ஏதாவது பிழை வெடித்தாலும் இதே கதைதான்: பக்கம் மறுபடி ஏறும், கன்சோலில் தெரிந்த பிழையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும்.

இன்னொரு காரணமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எதுவும் கொடுக்காவிட்டால் அது சப்மிட் பட்டன்தான். ‘கடவுச்சொல்லைக் காட்டு’, ‘இன்னொரு வரி சேர்’ போன்ற பட்டன்கள் எதிர்பாராமல் படிவத்தை அனுப்பிவிடுவது இதனால்தான். அவற்றுக்கு டைப் பட்டன் என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

அனுப்பும் வேலையைப் பட்டனின் கிளிக்கில் வைப்பதா, படிவத்தின் சப்மிட்டில் வைப்பதா?

சப்மிட்டில்தான். எழுதும் பெட்டியில் என்டர் தட்டினாலும், கைப்பேசி விசைப்பலகையின் ‘செல்’ விசையை அழுத்தினாலும், பட்டனைத் தொட்டாலும் எல்லாம் வந்து சேரும் ஒரே வாசல் அது. பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. ரெக்வயர்ட், பேட்டர்ன் போன்ற சோதனைகளை பிரவுசர் செய்வது கிளிக்குக்குப் பிறகு, சப்மிட்டுக்கு முன்பு. அதனால் கிளிக்கில் ஃபெட்ச் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் பிரவுசர் ஃபங்ஷன்) வைத்தால், பெட்டி காலியாக இருந்தாலும் கோரிக்கை சர்வருக்குப் போய்விடும். பக்கத்திலேயே ‘இதை நிரப்பவும்’ என்ற பிரவுசரின் செய்தியும் தோன்றும். பயனருக்கு எது உண்மை என்று எப்படித் தெரியும்?

கோடிலிருந்தே படிவத்தை அனுப்ப வேண்டுமென்றால் ரெக்வெஸ்ட்சப்மிட்டை அழையுங்கள். பழைய சப்மிட் மெத்தட் சோதனைகளையும் செய்யாது, சப்மிட் நிகழ்வையும் எழுப்பாது.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஸ்டேட் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஸ்டேட் என்பது காம்பொனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு, அது மாறினால் திரையும் மாறும். ரியாக்டில் அதை யூஸ்ஸ்டேட் உருவாக்கும். பன்னிரண்டு பெட்டிகளுக்குப் பன்னிரண்டு யூஸ்ஸ்டேட் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, பிரவுசர் ஏற்கெனவே நினைவில் வைத்திருப்பதை நாமும் சிரமப்பட்டு நினைவில் வைக்கிறோமே என்று தோன்றும். அனுப்பும் நேரத்தில் படிவத்தை ஃபார்ம்டேட்டாவிடம் கொடுத்தால் எல்லா மதிப்புகளும் கைக்கு வந்துவிடும். எழுதும்போதே திரையில் ஏதாவது மாற வேண்டுமென்றால் மட்டும் ஸ்டேட் வையுங்கள்: மீதமுள்ள எழுத்துகளின் எண்ணிக்கை, கடவுச்சொல்லின் வலிமை, ஒரு தேர்வைப் பொறுத்துத் தோன்றும் அடுத்த பெட்டி, இப்படி.

ஃபார்ம்டேட்டாவுக்கென்று சில குணங்கள் இருக்கின்றன. நேம் இல்லாத பெட்டியை அது கண்டுகொள்ளாது. டிக் செய்யாத செக்பாக்ஸ் ‘இல்லை’ என்று வராது, வரவே வராது. டிசேபிள் செய்த பெட்டியும் அப்படியே. ரீட்ஒன்லி பெட்டியின் மதிப்பு மட்டும் வரும். கோப்பைத் தவிர மற்ற எல்லாம் சரமாகவே கிடைக்கும், எண் பெட்டியில் 5 என்று எழுதினாலும்கூட. ஒரே பெயரில் பல தேர்வுகள் இருந்தால் கெட் முதல் ஒன்றைத்தான் தரும், அங்கே கெட்ஆல் வேண்டும்.

சர்வர் 500 பிழை தந்தது. ஆனாலும் என் கேட்ச் பகுதி ஓடவில்லையே?

ஃபெட்சைப் பொறுத்தவரை, பதில் என்று ஒன்று வந்துவிட்டாலே வேலை வெற்றி. அது 404ஆக இருந்தாலும் 500ஆக இருந்தாலும் ஃபெட்ச் தரும் பிராமிஸ் (பின்னால் வரப்போகும் முடிவுக்கான பொருள்) நிறைவேறும். இணைப்பு அறுந்தால், முகவரி கிடைக்காவிட்டால், கோர்ஸ் விதி (வேறு தளத்திலிருந்து தரவு எடுப்பதைக் கட்டுப்படுத்தும் பிரவுசர் விதி) தடுத்தால், நாமே ரத்து செய்தால்தான் அது நிராகரிக்கப்படும். ஆகவே பதில் வந்தவுடன் அதன் ஓகே மதிப்பைப் பாருங்கள். நிலை எண் 200 முதல் 299 வரை இருந்தால்தான் அது ட்ரூ. இல்லையென்றால் நீங்களே ஒரு எரரை வீசுங்கள்.

பதிலை ஜேசனாக (தரவு பரிமாறப் பயன்படும் எழுத்து வடிவம்) பிரிப்பதையும் அதற்குப் பிறகே செய்யுங்கள். பிழை நேரத்தில் சர்வர் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றைத் திருப்பி அனுப்புவது சகஜம். அதை ஜேசன் என்று நம்பிப் பிரித்தால் ‘எதிர்பாராத குறி’ என்ற பிழை வரும், உண்மையான காரணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிலை எண் 204 என்றால் பதிலில் உடலே, அதாவது உள்ளடக்கமே, இருக்காது, அங்கேயும் ஜேசன் அழைப்பு உடையும்.

அப்புறம், ஃபெட்சுக்குத் தானாக நேரவரம்பு கிடையாது. அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டைப் பயன்படுத்தி ஒரு வரம்பு வையுங்கள். ஃபார்ம்டேட்டாவை உடலாக அனுப்பும்போது கன்டென்ட்டைப் ஹெடரை நீங்கள் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் குறியை பிரவுசர்தான் அதில் சேர்க்கிறது. நாம் எழுதினால் அந்தக் குறி இல்லாமல் போகும், சர்வருக்கு எதுவும் புரியாது.

ஒரே பதிவு இரண்டு முறை சேர்கிறது. பட்டனை டிசேபிள் செய்தால் போதுமா?

போதாது. அவசரத்தில் இரட்டைத் தட்டு தட்டுவதை அது தடுக்கும், அந்த அளவுக்கு அது தேவைதான். ஆனால் மோசமான இரட்டைப் பதிவு வேறு வழியில் வருகிறது.

கோரிக்கை சர்வரை அடைந்தது, பதிவும் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தது. இந்தப் பக்கம் ஃபெட்ச் பிழை என்கிறது. நம் காம்பொனென்ட் ‘அனுப்ப முடியவில்லை, மீண்டும் முயலவும்’ என்று சொல்கிறது. பயனர் நம்மை நம்பி மீண்டும் முயல்கிறார். இரண்டாவது பதிவு விழுகிறது. பயனர் செய்ததில் ஒரு தவறும் இல்லை, பட்டனும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. இணைப்பு அறுந்த அந்த நொடியில், கோரிக்கை சேர்ந்ததா இல்லையா என்பதைப் பிரவுசர் பக்கம் இருந்துகொண்டு யாராலும் அறிய முடியாது.

இதற்கு ஒரு சாவி வேண்டும். அனுப்பும் முதல் முயற்சிக்கு முன்பே, கிரிப்டோ ரேண்டம்யூயூஐடி போன்ற ஒன்றால் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, கோரிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். சர்வர் அதைப் பதிவோடு குறித்துவைக்கும். அதே சாவி மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல், முன்பு தந்த பதிலையே தரும். பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப் தன் ஏபிஐயில் இந்த முறையை ஐடெம்பொடன்சி கீ என்ற பெயரில் வைத்திருக்கிறது. முக்கியமான விஷயம்: மறுமுயற்சிக்கும் அதே சாவியே போக வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்கும் புதுச் சாவி உருவாக்கினால் அத்தனை உழைப்பும் வீண். அனுப்புவது வெற்றியாக முடிந்து, பயனர் புதிதாக இன்னொன்றைத் தொடங்கும்போதுதான் சாவி மாற வேண்டும்.

பட்டனை டிசேபிள் செய்யும்போது இரண்டைக் கவனியுங்கள். பழைய நிலைக்குத் திருப்பும் வரியை ஃபைனலியில் வையுங்கள், இல்லையென்றால் பிழை வந்ததும் பட்டன் செத்தே கிடக்கும். விசைப்பலகையால் இயக்குகிறவருக்கு டிசேபிள் ஆன பட்டனில் இருந்த ஃபோகஸ் (விசைகள் போய்ச் சேரும் இடம்) தொலைந்துபோகக்கூடும். ஏரியா டிசேபிள்ட் (திரைவாசிப்பான் போன்றவற்றுக்கு ‘முடக்கியது’ என்று மட்டும் சொல்லும் குறிப்பு) கொடுத்துவிட்டு, ஃபங்ஷனுக்குள் ‘ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்’ என்று பார்த்துத் திரும்பிவிடுவது அவருக்கு வசதி.

பிழை வந்ததும் எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது. எங்கே தப்பு?

எனக்கு மிகவும் மனம் வலிக்கும் பிழை இதுதான். நீண்ட விண்ணப்பம் ஒன்றை நிரப்பி, அனுப்பி, ‘ஏதோ கோளாறு’ என்ற ஒற்றை வரியோடு வெற்றுப் படிவம் திரும்பி வந்த அனுபவம் எனக்கே உண்டு. அன்று மறுபடி எழுத மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். என்னைப் போல் விட்டுவிடுகிறவர்கள் யாரிடமும் புகார் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பிழை பல நாள் வெளியே தெரியாமல் கிடக்கிறது.

காரணங்கள் பல. பதில் வருவதற்கு முன்பே ரீசெட் அழைத்திருப்பீர்கள். அல்லது, அனுப்பும்போது படிவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுழலும் குறியைக் காட்டியிருப்பீர்கள். படிவம் திரையிலிருந்து நீங்கியதும் அதன் ஸ்டேட்டும் அதனுடன் போய்விடும், திரும்பி வருவது புதுப் படிவம். சுழலும் குறியைப் படிவத்தின் மேலேயோ பட்டனுக்குள்ளேயோ காட்டுங்கள், படிவம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மூன்றாவது, ஒரு காம்பொனென்ட்டுக்குள்ளேயே இன்னொரு காம்பொனென்ட்டை வரையறுப்பது. வெளியே உள்ளது ஒவ்வொரு முறை ரெண்டர் ஆகும்போதும் (திரைக்காக மறுபடி கணக்கிடப்படும்போதும்) உள்ளே உள்ளது ரியாக்டின் கண்ணுக்குப் புதிய ஆள். ஒரு எழுத்து தட்டியதும் கர்சர் பெட்டியை விட்டு ஓடுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகியுங்கள்.

2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19இல் இன்னொன்று சேர்ந்துகொண்டது. படிவத்தின் ஆக்ஷனுக்கு நேரடியாக ஃபங்ஷனைக் கொடுக்கலாம். அது முடிந்ததும், ஸ்டேட்டோடு கட்டாத பெட்டிகளை ரியாக்டே காலி செய்துவிடும். நீங்கள் எரரை வீசாமல், பிழைச் செய்தியை மதிப்பாகத் திருப்பினால் அதுவும் ‘முடிந்தது’ என்ற கணக்குதான். ஆகவே ஆக்ஷன் திருப்பும் மதிப்பை ஸ்டேட்டாக வைக்கும் யூஸ்ஆக்ஷன்ஸ்டேட்டைப் பயன்படுத்தும்போது பிழையோடு சேர்த்து, பயனர் அனுப்பிய மதிப்புகளையும் திருப்பிக் கொடுங்கள். பெட்டிகளின் டிஃபால்ட்வேல்யூவில் அவற்றை வைத்தால் எழுதியது அப்படியே நிற்கும்.

உள்நுழைவுக் காலம் முடிந்து 401 வரும் நேரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. உடனே உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். எழுதியதைப் பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான செஷன்ஸ்டோரேஜில் வைத்துவிட்டு அங்கே அனுப்புங்கள், திரும்பி வந்ததும் நிரப்பிக் கொடுங்கள். கடவுச்சொல், அட்டை எண் போன்றவற்றை மட்டும் அங்கே வைக்கவே கூடாது.

பிழைச் செய்தியை எங்கே, எப்போது காட்டுவது?

தவறு எந்தப் பெட்டியிலோ அதன் அருகில். சர்வர் 422 அல்லது 400 தரும்போது, எந்தப் பெட்டியில் என்ன குறை என்று பெயர் வாரியாகத் தரும்படி சர்வர் எழுதுகிறவரிடம் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்கு ஏரியா இன்வேலிட் கொடுத்து, ஏரியா டிஸ்க்ரைப்ட்பை மூலம் செய்தியோடு இணைத்து, முதல் தவறான பெட்டிக்கு ஃபோகஸைக் கொண்டுபோனால் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவரும் தடுமாற மாட்டார். முதல் எழுத்தைத் தட்டும்போதே ‘மின்னஞ்சல் தவறு’ என்று சிவப்பில் காட்டாதீர்கள், அவர் எழுதி முடித்துப் பெட்டியை விட்டு வெளியே வரட்டும்.

பிரவுசரில் செய்யும் சோதனை பயனரின் வசதிக்காக மட்டுமே. பாதுகாப்புக்கான சோதனை சர்வரில் மறுபடி நடந்தே ஆக வேண்டும். நம் படிவத்தைத் தொடாமலேயே யார் வேண்டுமானாலும் அந்த முகவரிக்குக் கோரிக்கை அனுப்ப முடியும்.

எழுத்து வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. மேக்ஸ்லெங்த் நாம் எண்ணுவது போல எண்ணுவதில்லை. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேர்கின்றன. தமிழில் எழுதும் பெட்டிக்கு வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

தரவு எடுக்கும் யூஸ்எஃபெக்ட் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

யூஸ்எஃபெக்ட் என்பது ரெண்டருக்குப் பிறகு ஓடும் வேலையை எழுதும் இடம். எந்த மதிப்புகள் மாறினால் அது மறுபடி ஓட வேண்டும் என்று சொல்வது சார்புப் பட்டியல். முதலில் அதைப் பாருங்கள். பட்டியலே இல்லையென்றால் ஒவ்வொரு ரெண்டருக்குப் பிறகும் ஓடும். உள்ளே ஸ்டேட்டை மாற்றினால் அது மறுபடி ரெண்டரைக் கிளப்பும், அது எஃபெக்ட்டைக் கிளப்பும். பட்டியல் இருந்தும் ஓடுகிறது என்றால், அதில் ஒரு ஆப்ஜெக்ட்டோ அர்ரேயோ ஃபங்ஷனோ இருக்கும். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் ரெண்டர்தோறும் புதிதாகப் பிறப்பதால் ரியாக்டுக்கு அது வேறு பொருள். ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் அதற்குள் இருக்கும் சரத்தையோ எண்ணையோ பட்டியலில் போடுங்கள்.

எஃபெக்ட்டுக்குக் கொடுக்கும் ஃபங்ஷனையே அசிங்க் (உள்ளே அவெயிட் பயன்படுத்தக்கூடியது) ஆக்கக் கூடாது. அது திருப்பித் தர வேண்டியது துப்புரவு ஃபங்ஷன் (எஃபெக்ட் அடுத்து ஓடும் முன்பும் காம்பொனென்ட் நீங்கும்போதும் பழையதைச் சுத்தம் செய்வது), அசிங்க் ஆனால் பிராமிஸைத் திருப்பித் தரும். உள்ளே ஒரு அசிங்க் ஃபங்ஷன் எழுதி அதை அழையுங்கள். படிவம் அனுப்புவதை எஃபெக்ட்டில் வைக்கவே வைக்காதீர்கள். பயனர் ஒரு செயல் செய்ததால் நடக்க வேண்டியது, அந்தச் செயலைக் கையாளும் ஃபங்ஷனிலேயே இருக்கட்டும்.

உருவாக்கும்போது மட்டும் ஒரே கோரிக்கை இரண்டு முறை போகிறதே?

ரியாக்டின் சோதனை முறையான ஸ்ட்ரிக்ட்மோட் செய்யும் வேலை. 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18 முதல், உருவாக்கச் சூழலில் மட்டும் காம்பொனென்ட்டை ஒரு முறை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்க்கிறது. துப்புரவு சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று சோதிக்கத்தான். அதை எடுத்துவிடாதீர்கள். அடுத்த கேள்வியில் வரும் துப்புரவை எழுதினாலே போதும்.

தேடல் பெட்டியில் பழைய சொல்லுக்கான முடிவு வந்து நிற்கிறது. ஏன்?

கோரிக்கைகள் போன வரிசையிலேயே பதில்களும் வரும் என்று நினைத்துவிடுகிறோம். ‘மர’ என்று தட்டும்போது ஒன்று போகிறது, ‘மரம்’ என்று முடிக்கும்போது இன்னொன்று. பொதுவான சொல்லுக்கு முடிவுகள் அதிகம், அதனால் முதலாவது தாமதமாகி, இரண்டாவதற்குப் பின்னால் வந்து சேருகிறது. கடைசியாக வந்தது திரையில் நிற்கிறது. பெட்டியில் ஒன்று, பட்டியலில் வேறொன்று. நம் கணினியில் சர்வர் பக்கத்திலேயே ஓடுவதால் இது நம் கண்ணில் படவே படாது.

எஃபெக்ட்டுக்குள் ஒரு அபார்ட்கண்ட்ரோலரை உருவாக்குங்கள், அதன் சிக்னலை ஃபெட்சுக்குக் கொடுங்கள், துப்புரவு ஃபங்ஷனில் அபார்ட் அழையுங்கள். சொல் மாறினாலோ காம்பொனென்ட் நீங்கினாலோ பழைய கோரிக்கை கைவிடப்படும். அப்போது அபார்ட்எரர் என்ற பெயரில் ஒரு பிழை வரும். அதைப் பயனருக்குக் காட்டாமல் விட்டுவிடுங்கள். தட்டி முடித்துச் சற்று நேரம், 300 மில்லிநொடி போல, காத்திருந்து கோரிக்கை அனுப்பும் டிபவுன்ஸ் முறையைச் சிலர் இதற்குத் தீர்வாகச் சொல்கிறார்கள். அது கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஆனால் வரிசை குலைவதைத் தடுக்காது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

படிவம் அனுப்பும்போது அபார்ட்டை ‘ரத்து’ என்று நினைத்துவிடாதீர்கள். நாம் பதிலைக் கேட்பதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். சர்வர் அதற்குள் வேலையை முடித்திருக்கலாம்.

லோடிங், எரர், டேட்டா என்று மூன்று ஸ்டேட் வைத்திருக்கிறேன். சரியா?

வேலை செய்யும். ஆனால் லோடிங்கும் எரரும் ஒரே நேரத்தில் ட்ரூ ஆகிற நாள் ஒன்று வரும். ‘தொடங்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறது, வந்தது, தோற்றது’ என்று ஒரே ஸ்டேட்டாக வைத்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ‘இன்னும் வரவில்லை’ என்பதையும் ‘வந்தது, ஆனால் எதுவும் இல்லை’ என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். தன் பதிவுகள் வந்து சேர்வதற்கு முன்பே ‘பதிவுகள் இல்லை’ என்று பார்க்கிறவர் பயந்துபோவார்.

இதற்கெல்லாம் நூலகம் பயன்படுத்தலாமா? அனுப்பிய பிறகு பட்டியலைப் புதுப்பிப்பது எப்படி?

ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் தரவு எடுக்கிறீர்கள் என்றால் மேலே சொன்னது போதும். ஒரே தரவு பல திரைகளில் தேவைப்படத் தொடங்கியதும் டான்ஸ்டாக் குவெரி அல்லது எஸ்டபிள்யூஆர் எடுத்துக்கொள்ளுங்கள். கேஷ் (எடுத்த தரவைச் சேமித்துவைப்பது), ஒரே கோரிக்கை இரண்டு முறை போகாமல் பார்த்துக்கொள்வது, பழையதைக் காட்டிக்கொண்டே புதியதை எடுப்பது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. டான்ஸ்டாக் குவெரி, தரவு எடுப்பது தோற்றால் தானாக மூன்று முறை மறுபடி முயலும். தரவை மாற்றும் கோரிக்கைகளை நாம் கேட்காமல் மறுபடி அனுப்பாது. இரட்டைப் பதிவு பற்றி மேலே சொன்னதை நினைத்தால் அது ஏன் என்பது புரியும்.

அனுப்பியது வெற்றியானதும் அந்தப் பட்டியல் பழையதாகிவிட்டது என்று கேஷுக்குச் சொல்லிவிட்டால் அது மறுபடி எடுத்துக்கொள்ளும். பதில் வரும் முன்பே வெற்றி போலக் காட்டும் ஆப்டிமிஸ்டிக் முறையை விருப்பக்குறி, டிக் போடுவது போன்ற சின்னச் செயல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம், விண்ணப்பம், அழிப்பு ஆகியவற்றில் சர்வர் சொல்லும் வரை ‘முடிந்தது’ என்று காட்டவே கூடாது.

எழுதியதை எப்படிச் சோதிப்பது?

பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வேகத்தை 3ஜிக்கு இறக்குங்கள். சுட்டியைத் தள்ளிவைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் படிவத்தை நிரப்பி, என்டரை வேகமாக மூன்று முறை தட்டுங்கள். சர்வரில் எத்தனை பதிவு விழுந்தது என்று பாருங்கள். அடுத்து, நீளமாக எதையாவது எழுதி, அனுப்பும் நொடியில் ஆஃப்லைன் ஆக்குங்கள். செய்தி என்ன வருகிறது, எழுதியது பெட்டியில் இருக்கிறதா, பட்டன் மறுபடி உயிர் பெறுகிறதா? பிறகு இணைப்பைத் திருப்பிக் கொடுத்து, எதையும் மறுபடி எழுதாமல் அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, வேறொரு டேப்பில் வெளியேறிவிட்டு வந்து, நிரப்பிய படிவத்தை இந்த டேப்பில் அனுப்புங்கள். உள்நுழைந்து திரும்பும்போது எழுதியது அங்கே காத்திருக்க வேண்டும்.